வகுப்பறையில் நிறம்: மௌனத்துக்கும் பிரசங்கத்துக்கும் நடுவில்

2024ஆம் ஆண்டு யூலை 29ஆம் திகதி இங்கிலாந்தின் சவுத்போர்ட் நகரில், நடன வகுப்புக்குப் போயிருந்த மூன்று சிறுமிகள் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார்கள். கொன்றவன் படகில் வந்திறங்கிய அகதி என்றும் முஸ்லிம் என்றும் ஒரு பொய் சில மணித்தியாலங்களுக்குள் நாடெங்கும் பரவியது. அவன் கார்டிஃப்பில் பிறந்தவன் என்ற உண்மை பின்னால் நடந்து வந்து சேருவதற்குள் தெருக்களில் நெருப்பு மூண்டுவிட்டது. ஓகஸ்ட் 4ஆம் திகதி ரொதர்ஹாமுக்கு அருகில் அகதிகளைத் தங்கவைத்திருந்த விடுதியொன்றை ஒரு கூட்டம் சூழ்ந்து தீ வைத்தது. அன்றே ராம்வேர்த்திலும் அப்படியொரு விடுதி தாக்கப்பட்டது. பின்னர் நீதிமன்றங்களில் நிறுத்தப்பட்டவர்களில் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளும் இருந்தார்கள்.

அந்தக் கிழமைகளில் எம்மைப்போல் இரவு வேலை செய்கிறவர்கள் பஸ் தரிப்பில் தனியே நிற்கப் பயந்தோம். ஆனால் நாம் இங்கே எழுத வந்தது ஓகஸ்ட் மாதத்தைப் பற்றியல்ல, அதையடுத்து வந்த செப்ரெம்பரைப் பற்றி. செப்ரெம்பரில் பாடசாலைகள் திறந்தன. கல்லெறிந்தவர்களின் பிள்ளைகளும் கல்லெறிக்குப் பயந்து கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தவர்களின் பிள்ளைகளும் ஒரே வகுப்பறைகளில் வந்து உட்கார்ந்தார்கள். அப்படியொரு வகுப்பில் பதினைந்து வயதுப் பிள்ளையொன்று கையை உயர்த்தி, "அகதிகளையெல்லாம் திருப்பி அனுப்பினால் என்ன ரீச்சர்?" என்று கேட்டால், அந்த ஆசிரியர் என்ன செய்ய வேண்டும்? பின்வரிசையில் ஒரு அகதியின் மகள் தலையைக் குனிந்துகொண்டு இருக்கிறாள் என்பதையும் அவர் காண்கிறார்.

இதைப் பற்றி எழுதக் கோப்பை கழுவுகிறவர்களுக்கு என்ன தகுதி என்று சிலர் கேட்கலாம். பல்கலைக்கழகப் படிப்பை இடையில் விட்டுவிட்டு ஓடிவந்த எமக்குக் கல்வியியல் தெரியாதுதான். ஆனால் அந்தப் பின்வரிசைப் பிள்ளை எம்முடைய பிள்ளை. சில வேளைகளில் கையை உயர்த்திக் கேட்கிற பிள்ளையும் எம்முடையதாகவே இருக்கிறது. ஆகையால் இந்தக் கேள்வியை ஆசிரியர்களுடைய தொழிற்பிரச்சினை என்று ஒதுக்கிவிட எம்மால் முடியவில்லை. இது ஒரு அறப்பிரச்சினை. ஒரு வளர்ந்தவர், தன்னுடைய பொறுப்பில் விடப்பட்ட முப்பது பிள்ளைகளுக்கும் ஒரே நேரத்தில் நீதியாக நடப்பது எப்படி என்பதே அந்தப் பிரச்சினை.

*

ஆசிரியருக்கு முன்னால் இலகுவாகத் திறந்திருக்கும் முதலாவது வழி மௌனம். "நான் நிறம் பார்ப்பதில்லை, எனக்கு எல்லாரும் பிள்ளைகள்தான்" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடலாம். இப்படிச் சொல்கிறவர்கள் கெட்டவர்கள் அல்லர். பெரும்பாலும் நல்லவர்களே சொல்கிறார்கள். நிறத்தைப் பற்றி வாய் திறந்தால் இல்லாத பிரிவினையைத் தாமே விதைத்துவிடுவோமோ என்று அவர்கள் உண்மையாகவே அஞ்சுகிறார்கள்.

ஆனால் பிள்ளைகள் ஆசிரியரின் வாயை மட்டும் பார்த்து வளர்வதில்லை. 1965இல் இந்த நாட்டின் கல்வி அமைச்சு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. ஒரு பாடசாலையில் குடிவரவாளர்களின் பிள்ளைகள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்றது அது. அதன் விளைவாக சவுத்தோல் போன்ற இடங்களில் ஆசியப் பிள்ளைகள் தங்கள் வீட்டுக்குப் பக்கத்திலிருந்த பாடசாலையைத் தாண்டித் தூர இடங்களுக்கு பஸ்சில் ஏற்றிச் செல்லப்பட்டார்கள். வெள்ளைப் பிள்ளைகளை யாரும் அப்படி ஏற்றிச் செல்லவில்லை. அந்த பஸ்சில் இருந்த எட்டு வயதுப் பிள்ளைக்கு நிறத்தைப் பற்றி ஆசிரியர் ஒரு சொல்லும் சொல்லியிருக்கத் தேவையில்லை. பஸ்ஸே சொல்லிக்கொடுத்தது.

1971இல் லண்டனில் ஆசிரியராக இருந்த கிரெனடா நாட்டவரான பேர்னார்ட் கோர்ட் ஒரு சிறு நூலை வெளியிட்டார். மேற்கிந்தியப் பிள்ளைகள் தமது தொகைக்கு மிஞ்சிய அளவில், கற்கும் திறன் குறைந்தவர்கள் என்று முத்திரை குத்தப்பட்டு அதற்கான தனிப் பாடசாலைகளுக்குத் தள்ளப்படுவதை அந்நூல் எடுத்துக் காட்டியது. அந்தப் பிள்ளைகளைத் தள்ளியவர்கள் எல்லாரும் வசைச்சொல் சொன்னவர்கள் அல்லர். பரீட்சைத்தாள் இருந்தது, அதிகாரியின் கையெழுத்து இருந்தது. நிறம் என்ற சொல் மட்டும் எங்கேயும் இல்லை. மௌனம் நடுநிலைமை அல்ல என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. ஏற்கெனவே ஒரு ஒழுங்கு ஓடிக்கொண்டிருக்கும்போது பேசாமல் இருப்பவர் அந்த ஒழுங்கின் கூடவே ஓடுகிறார்.

இன்றைய ஆசிரியரின் மௌனத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு: பயம். பாடசாலைகளில் அரசியல் விடயங்களைச் சமநிலையாகக் கற்பிக்க வேண்டும் என்று 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் சொல்கிறது. 2022 பெப்ரவரியில் அரசாங்கம் அதற்கு நீண்ட வழிகாட்டலொன்றையும் வெளியிட்டது. பெற்றோர் முறைப்பாடு செய்வார்களோ, பத்திரிகையில் பெயர் வந்துவிடுமோ என்று ஆசிரியர்கள் யோசிப்பது எமக்கு விளங்குகிறது. வேலை போய்விடும் என்ற பயத்தை எமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. ஆனால் இனவெறி பிழை என்று சொல்வதற்கு அந்த வழிகாட்டல் தடை போடவில்லை. குடிவரவை எவ்வளவு அனுமதிப்பது என்பது இரண்டு பக்கமும் கதைக்கக்கூடிய கேள்வி. பின்வரிசையில் இருக்கும் பிள்ளை மனிதப்பிறவிதானா என்பது அப்படியான கேள்வியல்ல. இந்த வித்தியாசத்தை வகுப்பின் முன்னால் தெளிவாக வைப்பதே ஆசிரியரின் முதல் வேலை என்று நினைக்கிறோம். அகதிகளைப் பற்றிய கேள்வி கேட்ட மாணவனிடம், "நீ கேட்டது கேட்கக்கூடிய கேள்விதான், ஆனால் 'எல்லாரையும்' என்று சொன்னாயே, அதில் யார் யார் அடங்குகிறார்கள் என்று முதலில் பார்ப்போம்" என்று தொடங்கலாம். அப்போது கேள்வி அடக்கப்படவும் இல்லை, அந்தச் சிறுமி கைவிடப்படவும் இல்லை.

*

இரண்டாவது வழி பிரசங்கம். மௌனத்தின் தீமையைக் கண்டவர்கள் பலர் இந்தப் பக்கம் வந்து சேருகிறார்கள். இதில் உள்ள ஆபத்தைச் சொல்வதற்கு மான்செஸ்ரரில் நடந்ததை நினைவுபடுத்த வேண்டும்.

1986 செப்ரெம்பர் 17ஆம் திகதி மான்செஸ்ரரின் பேர்னேஜ் ஆண்கள் உயர்பாடசாலையின் விளையாட்டு மைதானத்தில் அஹ்மத் இக்பால் உல்லா என்ற பதின்மூன்று வயது வங்காளதேசச் சிறுவன் அதே பாடசாலையில் படித்த வெள்ளைச் சிறுவனால் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டான். தன்னிலும் சிறிய ஆசியப் பிள்ளைகள் துன்புறுத்தப்பட்டபோது அவர்களுக்காக நடுவில் போய் நின்றவன் அஹ்மத். குத்தியவனுக்கும் வயது பதின்மூன்றுதான்.

இந்தப் பாடசாலை மௌனம் காத்த பாடசாலை அல்ல. நிறவாதத்துக்கு எதிரான கொள்கை அங்கே எழுத்தில் இருந்தது. அப்படியிருந்தும் ஏன் இது நடந்தது என்று ஆராய, சட்டத்தரணி இயன் மக்டொனால்டின் தலைமையில் ஒரு விசாரணைக் குழு நியமிக்கப்பட்டது. நகரசபை முழு அறிக்கையையும் வெளியிட முன்வராதபோது, எழுதியவர்களே 1989இல் அதை நூலாகக் கொண்டுவந்தார்கள். அதன் பெயர் 'விளையாட்டு மைதானத்தில் ஒரு கொலை' என்ற பொருள்படும்.

அந்த அறிக்கையின் முக்கியமான விமர்சனம் இது. பாடசாலையின் நிறவாத எதிர்ப்பு, ஒழுக்கப் போதனையாகவும் சடங்காகவும் இருந்தது. வெள்ளையர் என்றால் நிறவாதி, கறுப்பர் என்றால் பாதிக்கப்பட்டவர் என்று அது மனிதரை இரண்டு பெட்டிகளில் போட்டது. வர்க்கத்தை அது பார்க்கவில்லை. வெள்ளைத் தொழிலாளர் குடும்பங்களின் பிள்ளைகளும் பெற்றோரும் அந்த வேலையில் பங்காளிகளாகச் சேர்க்கப்படவில்லை. அவர்கள் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டு வெளியே நிறுத்தப்பட்டார்கள். மேலே கொள்கை இருந்தது; கீழே மைதானத்தில் பிள்ளைகளுக்கிடையில் நடந்துகொண்டிருந்த வன்முறையை அது தொடவில்லை.

அறிக்கை வந்ததும் சில பத்திரிகைகள் அதைத் தலைகீழாக்கின. நிறவாத எதிர்ப்புத்தான் பிள்ளையைக் கொன்றது என்று எழுதின. அறிக்கையை எழுதியவர்கள் அப்படிச் சொல்லவேயில்லை. நிறவாதத்துக்கு எதிரான கல்வி கட்டாயம் வேண்டும், அதைச் செய்த விதம்தான் பிழை என்றே அவர்கள் வற்புறுத்தினார்கள். இன்றைக்கும் இந்த இரண்டையும் குழப்புகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறோம். மருந்தைப் பிழையாகக் கொடுத்தார்கள் என்றால் நோயே இல்லை என்றாகிவிடாது.

பேர்னேஜிலிருந்து நாம் எடுத்துக்கொள்வது இதைத்தான்: ஒரு பிள்ளையை அதன் தோலைக் காட்டிக் குற்றவாளி என்று சொன்ன கணமே ஆசிரியர் நிறவாதத்தின் தர்க்கத்துக்குள் கால் வைத்துவிடுகிறார். பிறப்பைக் கொண்டு மனிதரை அளப்பதே நிறவாதம். அதை எதிர்க்கப் போகிறவரும் அதே அளவுகோலைத் தூக்கினால், வகுப்பில் இருக்கும் பதினைந்து வயதுப் பையன் ஒன்றை மட்டும் சரியாக விளங்கிக்கொள்வான்: அளவுகோல் யாருடைய கையில் இருக்கிறதோ அவருடைய காலம் என்று.

இது எமக்குப் புத்தகத்தில் படித்த விடயமல்ல. அடையாள அட்டையில் பிறந்த இடத்தைப் பார்த்துவிட்டு வரிசையிலிருந்து வெளியே எடுக்கப்பட்டவர்கள் நாம். அப்போது எவரும் "நீ என்ன செய்தாய்" என்று கேட்கவில்லை.

*

அப்படியானால் வெள்ளைப் பிள்ளைக்கு இந்த நாட்டின் வரலாற்றில் ஒரு சம்பந்தமும் இல்லையா? அடிமை வியாபாரமும் காலனித்துவமும் யாரோ செத்துப்போனவர்களின் கதை என்று விட்டுவிடுவதா? இங்கேதான் குற்றம், பொறுப்பு என்ற இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

யுத்தம் முடிந்த கையோடு ஜேர்மனியில் தத்துவாசிரியர் கார்ல் யஸ்பேர்ஸ் மாணவர்களுக்கு முன்னால் இந்தக் கேள்வியை எடுத்தார். 1946இல் அது நூலாக வந்தது. அவருடைய மனைவி யூதர். நாசிகளால் பல்கலைக்கழகப் பதவி பறிக்கப்பட்டவர் அவர். பழிவாங்கும் குரலில் கதைக்க அவருக்குக் காரணம் இருந்தது. அவரோ குற்றத்தை நான்காகப் பிரித்தார்: சட்டத்தின் முன்னான குற்றம், அரசியற் பொறுப்பு, மனச்சாட்சியின் முன்னான குற்றம், மனிதன் என்ற வகையில் எல்லாரையும் தொடுகிற குற்றம். கொலை செய்தவன் தனிமனிதன். அவனைத் தனிமனிதனாகவே விசாரிக்க வேண்டும். ஒரு மக்கள் கூட்டம் முழுவதையும் ஒழுக்கத்தில் கெட்டது என்று தீர்ப்பிட முடியாது. ஆனால் தன்னுடைய அரசு செய்ததன் விளைவைச் சுமக்கும் பொறுப்பிலிருந்து எந்தக் குடிமகனும் நழுவ முடியாது. ஏறத்தாழ இதுதான் அவருடைய வாதம்.

இதைப் பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு எப்படி விளங்கப்படுத்துவது? தத்துவத்தைச் சொல்லத் தேவையில்லை. ஒரு கடன் கணக்கைச் சொன்னால் போதும். 1833இல் பிரித்தானியப் பாராளுமன்றம் அடிமைமுறையை ஒழிக்கும் சட்டத்தை நிறைவேற்றியபோது 20 மில்லியன் பவுண் நட்டஈடு ஒதுக்கியது. அந்தப் பணம் அடிமைகளாக இருந்தவர்களுக்குப் போகவில்லை. அவர்களைச் சொத்தாக வைத்திருந்த எசமானர்களுக்குப் போனது. அதற்காக அரசு பட்ட கடன் 2015இல்தான் முழுதாகத் தீர்ந்தது என்று பிரித்தானிய நிதியமைச்சு 2018இல் சொல்லியது.

இந்தக் கணக்கை வகுப்பில் வைத்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 2015க்கு முன் இந்த நாட்டில் வரி கட்டிய எல்லாரும் அந்தக் கடனைக் கட்டியிருக்கிறார்கள். வெள்ளைப் பையனின் தாய் கட்டியிருக்கிறாள். ஜமெய்க்காவிலிருந்து வந்து ரயில்வேயில் வேலை செய்தவர், தன் பாட்டன்மாரை வைத்திருந்த எசமானுக்கு நட்டஈடு கொடுக்கப் பட்ட கடனைத் தானே கட்டியிருக்கிறார். எம்மில் அந்த ஆண்டுகளில் குசினியில் நின்று சம்பளச் சீட்டில் வரி கழிபட்டவர்களும் கட்டியிருக்கிறோம். இதில் யார் குற்றவாளி? ஒருவரும் இல்லை. யாருக்குச் சம்பந்தம் உண்டு? எல்லாருக்கும்.

குற்றம் சுமத்தாமல் பொறுப்பைக் காட்டுவது இப்படித்தான் முடியும். எந்தப் பிள்ளையும் கூனிக்குறுகத் தேவையில்லை, எந்தப் பிள்ளையும் இது தன் கதையல்ல என்று ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருக்கவும் முடியாது. ஆசிரியருக்குப் பிரசங்கம் செய்யும் வேலை குறைகிறது. கணக்கு அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

*

ஆனால் வகுப்பில் நிறம் கேள்வியாக வருவதைவிடப் பகிடியாக வருவதே அதிகம். "சும்மா பகிடிக்குத்தான் ரீச்சர். அவனே சிரிக்கிறானே." இந்த விடைக்கு முன்னால் பல ஆசிரியர்கள் கையை விரித்துவிடுகிறார்கள். உண்மையிலேயே அவனும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறான்.

பகிடியைப் பற்றி எமக்குக் கொஞ்சம் தெரியும். றெஸ்ரோறன்ற் குசினி ஒன்றில் ஐந்து நாட்டவர் வேலை செய்வார்கள். நாள் முழுவதும் பகிடிதான். பகிடி இல்லாமல் பதினான்கு மணித்தியாலம் அந்தச் சூட்டில் நிற்கவும் முடியாது. உருளைக்கிழங்கு உரிக்கிற வங்காளியும் கோப்பை கழுவுகிற தமிழனும் ஒருவரையொருவர் நக்கலடிப்பது ஒரு வகை. அவனுக்கு இன்று நாம் சொன்னால் எமக்கு நாளை அவன் சொல்வான், கணக்குச் சரி. தலைமைச் சமையற்காரர் எம்முடைய பெயரை வேண்டுமென்றே நாயின் பெயர்போல் மாற்றிக் கூப்பிட்டுவிட்டு மற்றவர்களைப் பார்த்துச் சிரிப்பது இன்னொரு வகை. அப்போதும் நாம் சிரித்தோம். அடுத்த கிழமை யாருக்கு எத்தனை மணித்தியாலம் வேலை என்று எழுதும் தாள் அவருடைய கையில் இருந்தது.

ஆகையால் யார் சிரித்தார் என்று பார்ப்பதில் பயனில்லை. சிரிக்காமல் இருக்க அவனுக்கு வழி இருந்ததா என்று பார்க்க வேண்டும். ஒரு வகுப்பில் இருக்கும் ஒரேயொரு கறுப்புப் பையன் தன் தலைமயிரைப் பற்றிய பகிடிக்குச் சிரிக்காவிட்டால் மதியச் சாப்பாட்டுக்குத் தனியாகத்தான் இருக்க வேண்டிவரும். சிரித்தால் நாளைக்கும் அதே பகிடி வரும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்து அவன் சிரிக்கிறான். பதின்மூன்று, பதினான்கு வயதில் நண்பர்கள் இல்லாமல் போவது பெரியவர்களுக்கு வேலை போவது மாதிரித்தான்.

ஆசிரியர் இந்த இடத்தில் செய்ய வேண்டியது சிறியது. அந்தச் சொல்லைக் கேட்ட இடத்திலேயே நிறுத்த வேண்டும். நீண்ட விசாரணை வேண்டாம். "அந்தச் சொல் இங்கே வேண்டாம். ஏன் என்று பிறகு கதைப்போம்" என்றால் போதும். பிறகு கதைக்கத்தான் வேண்டும், மறந்துவிடக்கூடாது. சொன்ன பையனைத் தனியாக வைத்து, "நீ ஏன் இப்படிப்பட்டவனாக இருக்கிறாய்" என்று கேட்டால் அவன் தன்னைக் காப்பாற்றவே பார்ப்பான். "அந்தச் சொல்லை எங்கே கேட்டாய்? முதன்முதலில் அது யாருக்குச் சொல்லப்பட்டது தெரியுமா?" என்று கேட்டால் யோசிக்க இடம் கிடைக்கும். செய்ததற்கு அவன் பதில் சொல்ல வேண்டும், தண்டனை வேண்டுமென்றால் அதுவும் இருக்கட்டும். ஆனால் அவன் இனிமேலும் அந்த வகுப்பில் ஒருவன் என்பது அவனுக்குத் தெரிய வேண்டும். வெளியே தள்ளப்பட்ட பையனைக் கூப்பிட்டு அணைக்க வெளியில் ஆட்கள் காத்திருக்கிறார்கள். 2024 ஓகஸ்ட்டில் அவர்களைக் கண்டோம்.

*

மௌனத்தையும் பிரசங்கத்தையும் தவிர்த்த நல்ல ஆசிரியரும் செய்துவிடக்கூடிய ஒன்று உண்டு. பாதிக்கப்பட்ட பிள்ளையைப் பாடப்புத்தகமாக்குவது.

"நீ சொல்லு, இப்படிக் கேட்கும்போது உனக்கு எப்படி இருக்கிறது?" என்று வகுப்பின் முன்னால் ஒரே கறுப்புப் பிள்ளையிடம் கேட்கிறார்கள். "நீ இலங்கையிலிருந்துதானே, யுத்தத்தைப் பற்றிச் சொல்லேன்" என்று லண்டனில் பிறந்த எம்முடைய பிள்ளையிடம் கேட்கிறார்கள். கேட்கிறவருடைய நோக்கம் நல்லது. ஆனால் இருபத்தொன்பது பிள்ளைகள் படிப்பதற்காக முப்பதாவது பிள்ளை தன் காயத்தைத் திறந்து காட்ட வேண்டியிருக்கிறது. மற்றவர்களுக்கு அது பாடம். அதற்கு மட்டும் அது பாடமல்ல. ஒரு மனிதரை இன்னொருவருடைய நன்மைக்கான கருவியாக மட்டும் பாவிக்கக்கூடாது என்பது பழைய அறவிதி. அகதிகளுக்கு இது நன்றாகத் தெரியும். தஞ்சம் கேட்ட ஒவ்வொரு விசாரணை அறையிலும் எம்முடைய காயங்களை விலைபேச வைத்தார்கள். பிள்ளைகளுக்கும் அந்த அனுபவம் வகுப்பறையில் வேண்டாம்.

இதற்கு மாறாக, பிள்ளை தானாகச் சொல்ல வரும்போது கேட்காமல் விடுவதும் கூடாது. 1993 ஏப்ரல் 22ஆம் திகதி லண்டன் எல்த்தமில் பஸ்சுக்காக நின்ற ஸ்ரீவன் லோறன்ஸ் என்ற பதினெட்டு வயதுக் கறுப்பு மாணவன் வெள்ளை இளைஞர்களால் கொல்லப்பட்டான். அதைப் பொலிஸ் விசாரித்த விதத்தை ஆராய்ந்த மக்பெர்சன் அறிக்கை 1999இல் வெளிவந்தது. பாதிக்கப்பட்டவரோ வேறு எவரோ நிறவாதச் சம்பவம் என்று உணர்ந்தால் அதை அப்படியே பதிவுசெய்ய வேண்டும் என்றது அந்த அறிக்கை. பாடசாலைகளும் இப்படியான சம்பவங்களைப் பதிவுசெய்ய வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. பதிவு என்பது தீர்ப்பல்ல. சொன்னவரின் வார்த்தையை எடுத்தெறியாமல் அங்கிருந்து விசாரணையைத் தொடங்குவது. வகுப்பாசிரியருக்கு இதன் பொருள் எளியது. பிள்ளை வந்து சொன்னால் "அவன் அப்படி நினைத்துச் சொல்லியிருக்கமாட்டான்" என்பது முதல் வசனமாக இருக்கக்கூடாது. "என்ன நடந்தது? நான் என்ன செய்தால் உனக்கு உதவியாக இருக்கும்?" என்பதே முதல் வசனம். அதன்பின் எவ்வளவைச் சொல்வது, யாருக்குச் சொல்வது என்பதைப் பிள்ளை தீர்மானிக்கட்டும்.

*

இவ்வளவும் ஆசிரியர்களுக்கு. இனி எமது வீட்டுக்கு வருவோம்.

எமது பிள்ளைகள் அந்த வகுப்பறைக்கு வெறுங்கையுடன் போவதில்லை. சாப்பாட்டு மேசையில் கேட்ட சொற்களுடன் போகிறார்கள். 'காப்பிலி' என்ற சொல் எமது வீடுகளில் எவ்வளவு சாதாரணமாகப் புழங்குகிறது என்று இதை வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். அது வெறும் ஊர்ப்பேச்சு என்று சமாதானம் சொல்பவர்கள் அதன் வரலாற்றைப் பார்க்கட்டும். அரபு மொழியில் மார்க்கத்தை ஏற்காதவரைக் குறித்த சொல், போர்த்துக்கேயரின் வாயில் ஆபிரிக்கரைக் குறிக்கும் சொல்லாகி, அவர்கள் ஆபிரிக்காவிலிருந்து இலங்கைக்குக் கொண்டுவந்த போர்வீரர்களோடும் அடிமைகளோடும் எமது கரைக்கு வந்து சேர்ந்தது. அவர்களுடைய சந்ததியினர் இன்றும் புத்தளம் பக்கத்தில் வாழ்கிறார்கள். எசமான் தன் அடிமைக்கு வைத்த பெயரை இருவராலும் ஆளப்படாத நாம் அல்ல, அதே எசமானால் ஆளப்பட்ட நாம் பத்திரமாக வைத்திருந்து, லண்டனுக்கும் பரிசுக்கும் ரொறொன்ரோவுக்கும் கொண்டுவந்து பிள்ளைகளுக்குக் கொடுக்கிறோம். காலையில் 'பாக்கி' என்று ஏச்சு வாங்கிய பிள்ளை பின்னேரம் சோமாலியப் பிள்ளைக்கு அந்தச் சொல்லைத் திருப்பிக் கொடுக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே சாதிப் பேச்சு இருக்கிறது. மணமகள் தேவை விளம்பரத்தில் 'சிவந்த நிறம்' இருக்கிறது. ஆசிரியர் வகுப்பில் ஒரு மணித்தியாலம் பட்ட பாட்டை எமது வரவேற்பறை ஐந்து நிமிடத்தில் அழித்துவிடுகிறது.

எமக்கென்று வகுப்பறைகளும் உண்டு. சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலைகளைச் சொல்கிறோம். அங்கே ஒரு பதினான்கு வயதுப் பிள்ளை, "1990 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை ஏன் இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறச் சொன்னார்கள்?" என்று கேட்டால் எமது ஆசிரியர் என்ன சொல்வார்? பெரும்பாலும் மௌனம். இல்லாவிட்டால் அவர்கள் செய்ததையெல்லாம் அடுக்கும் பிரசங்கம். வடக்கின் முஸ்லிம் மக்கள் அனைவரும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது அவர்களில் எவரிடமும் "நீ என்ன செய்தாய்" என்று கேட்கப்படவில்லை. பிறப்பே போதுமானதாக இருந்தது. அடையாள அட்டையோடு வரிசையில் நின்ற எமக்கு நடந்தது எதுவோ அதுதான் அவர்களுக்கும் நடந்தது. குற்றத்தையும் பொறுப்பையும் பிரித்துக் கதைக்க வேண்டும் என்று வெள்ளை ஆசிரியரிடம் கேட்கிற உரிமை, இதை எமது பிள்ளைகளிடம் எமது மொழியில் கதைக்கிறபோதுதான் எமக்கு முழுதாகக் கிடைக்கும்.

எமது நாட்டில் இந்தக் கதை ஒருபோதும் வகுப்பறைக்குள் வரவில்லை என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். தாய்மொழிக் கல்வி என்ற நல்ல நோக்கத்தின் பக்கவிளைவாக, சிங்களப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் ஒரே வகுப்பில் உட்காரும் வாய்ப்பே பெரும்பாலும் இல்லாமல் போனது. கொழும்பில் ஒரே கூரையின் கீழ் இரண்டு மொழிப் பிரிவுகளும் இருந்த பாடசாலைகளில்கூட வகுப்புச் சுவர் நடுவில் நின்றது. பதினைந்து வயதுச் சிங்களப் பையன் கேட்டிருக்கக்கூடிய முட்டாள்தனமான கேள்வியை நாம் கேட்கவில்லை. எமது முட்டாள்தனமான கேள்வியை அவனும் கேட்கவில்லை. நடுவில் நின்று இரண்டையும் பிரித்து விளங்கப்படுத்த ஒரு ஆசிரியர் இருக்கவில்லை. அந்தக் கேள்விகள் பிறகு வேறு இடங்களில், வேறு ஆட்களால் பதில் சொல்லப்பட்டன.

இங்கே எமது பிள்ளைகளுக்கு அந்த ஒரே அறை கிடைத்திருக்கிறது. அதில் மோசமான சொற்களும் காதில் விழும். ஆனாலும் அறை இருக்கிறது, ஆசிரியர் இருக்கிறார்.

பாடசாலையில் பெற்றோர் சந்திப்புக்கு நாம் வேலையிலிருந்து ஒரு மணித்தியாலம் லீவு எடுத்து ஓடுகிறோம். பத்து நிமிடம் கிடைக்கிறது. கணிதத்துக்கு எத்தனை, விஞ்ஞானத்துக்கு எத்தனை, மெடிசின் செய்யலாமா என்று கேட்டுவிட்டு வருகிறோம். அந்தப் பத்து நிமிடத்தில் ஒரு நிமிடத்தை எடுத்து இன்னொன்றையும் கேட்போம்: "இந்த விடயங்களை வகுப்பில் கதைக்கிறீர்களா? கதைக்கும்போது எங்கள் பிள்ளை என்ன சொல்கிறான்?" இந்த இரண்டாவது கேள்விக்கு வரும் பதில், அவன் சொல் வாங்கியவன் என்பதாக இருக்கலாம். சொல் எறிந்தவன் என்பதாகவும் இருக்கலாம். இரண்டில் எது வந்தாலும் கேட்டுக்கொண்டு, அன்றிரவு அவனோடு உட்கார்ந்து கதைக்கத் தயாராகப் போக வேண்டும்.